மேடைச் செலவும் பாவலர் வரதராசனும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், தேவாரத்திற்கும் கோம்பைக்கும் அண்மையில் அமைந்த சிற்றூர் பண்ணைப்புரம். இன்று தேனி மாவட்டத்தில் உள்ள இவ்வூர் முன்னர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இசைஞானி இளையராஜா பிறந்த ஊர் என்றே உலகம் இதனை அறியும். ஆயினும், அவருக்கு முன்பே இவ்வூரின் பெயரை மலைக்கு அப்பாலும் ஒலிக்கச் செய்தவர், அவர்தம் தமையனார் பாவலர் வரதராசன் ஆவார். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இளைஞர்கள் அன்னாரின் வாழ்வை ஒரு வரவு செலவு ஏடாகவும் கருதிப் பயில வேண்டும் என்பது என் விருப்பம்.

அக்காலத்தில் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் இசை நாடகத்தை மேடையேற்றுவது எளிய செயலன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் ஆகிய அனைவருக்கும் தனித்தனியே முன்பணம் தரல் வேண்டும். கொட்டகை, சீன் திரை, உடுப்பு, ஒப்பனை, விளக்கு, ஒலிபெருக்கி, வண்டிச் சத்தம், இரவுச் சாப்பாடு எனச் செலவு நீளும். ஊரார் தலைக்கட்டு வரி பிரித்தே இதனை ஈடு செய்வர். வரி கொடுப்பவருக்கே முன்வரிசை. கூலிக்காரனுக்குக் கடைசி வரிசையில், இருளில்தான் இடம்.

பாவலரோ நாடகத்தின் உயிரான பாட்டை மேடையேற்றினார். பாட்டு மேடைக்குத் திரையும் உடுப்பும் தேவைப்படவில்லை. மக்கள் நன்கறிந்த மெட்டுகளில், உழைப்போரின் துயரையும் உரிமையையும் சொற்களாக அமைத்துப் பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாடினார். அவருடைய பெருமுதல் ஓர் ஆர்மோனியப் பெட்டி. கோவையில் 85 ரூபாய் கொடுத்து வாங்கப்பட்டது அது. நாட்கூலியால் வாழ்ந்த குடும்பங்களுக்கு அன்று அது சிறு தொகையன்று.

குழுவும் வீட்டிலேயே அமைந்தது. பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்னும் தம்பியர் மூவரும் அண்ணனுடன் சேர்ந்தனர். ராசையாவே பின்னாளைய இளையராஜா. அமர்சிங்கே கங்கை அமரன். குரல் உடையாத சிறுவனான ராசையா பெண்குரலிலும் பாடினார். ஆதலால் தனியே ஒரு பாடகியை அமர்த்தும் செலவும் எழவில்லை. எளியோர் மேடை எளியோர் செலவில் நடைபெறக் கூடும் என்பதற்கு இக்குழுவே சான்று.

இதன் பயன் 1958ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. கேரளத்தில் இ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் 1957இல் அமைந்த அரசு மிகச் சிறிய பெரும்பான்மை கொண்டது. அந்நிலையில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாதென அறிவிக்கப்பட்டு, இடைத்தேர்தல் வந்தது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைத்தோருள் பெரும்பகுதியினர் தமிழர். பாவலர் மலையேறிச் சென்று அவர்களிடையே பாடினார். ரோசம்மா மீண்டும் வென்றார். அவ்வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென்று இப்பகுதியில் இன்றும் பெருமையுடன் பேசுவர்.

ஆனால் ஏட்டின் மறுபக்கத்தையும் நாம் புரட்ட வேண்டும். கட்சி மேடைப் பாட்டு செல்வம் சேர்க்கும் தொழில் அன்று. மேடைக்கணக்கில் ஏறாத செலவுகள் வீட்டுக்கணக்கில் ஏறின. 1960களின் பிற்பகுதியில் தம்பியர் சென்னைக்குப் புறப்பட்டபோது, வழிச்செலவுக்கு வீட்டில் பணமில்லை. அன்னை சின்னத்தாயம்மாள் வீட்டு வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றார். தமக்கென ஒரு ரூபாயும் வைத்துக்கொள்ளாமல் முழுத்தொகையையும் மக்கள் கையில் கொடுத்தார். ஊரையே பாடவைத்த வீடு பாட்டுப்பெட்டியை இழந்தது. ஊருக்கு மலிவாகக் கிடைத்த கலையின் உண்மை விலை அதுவே.

பாவலர் 1970களில், முதுமை எய்தும் முன்னரே மறைந்தார். தம்பியர் தம் திரைப்பட நிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் எனப் பெயரிட்டு அண்ணனை நினைவுகூர்ந்தனர். 85 ரூபாய் ஆர்மோனியமோ இளையராஜாவின் கையில் எண்ணற்ற பாடல்களைப் பிறப்பித்தது.

இளைஞர்களே! பள்ளி ஆண்டு விழாக்களுக்குப் பல்லாண்டுகள் கணக்கெழுதியவன் நான். பந்தலுக்கும் மாலைக்கும் சீரியல் விளக்குக்கும் தாராளமாக வழங்குவோம். பறையடிக்கும் கலைஞரிடமும் பாடுபவரிடமும் மட்டும் பேரம் பேசுவோம். நம்மவர்தாமே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்போம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும். பாவலரைப் போல் வீண்செலவைக் குறையுங்கள்; பாடுபவரின் கூலியைக் குறைக்காதீர்கள். நம் விழாக்களின் செலவேட்டில் முதல் வரி கலைஞரின் ஊதியமாக இருக்கட்டும். எஞ்சும் பணத்தில் இசை பயில விரும்பும் ஓர் ஏழைப் பிள்ளைக்கு ஆர்மோனியம் வாங்கிக் கொடுப்போம். பாவலருக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் இதுவேயாகும்.