மறதியை அளந்தவர்

பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில் 'சேமிப்பு' என்ற சொல்லை எண்ணற்ற முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நினைவாற்றலை அளக்க அதே சொல்லைக் கையாண்ட ஓர் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தார் என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ்.

பிரஷ்யாவின் பார்மென் நகரில் 1850-இல் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். பான் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழியியலும் பயிலத் தொடங்கித் தத்துவத்தின்பால் திரும்பினார். இடையே 1870-இல் பிரான்ஸுடன் போர் மூண்டபோது படையில் பணியாற்றினார். 1873-இல் முனைவர் பட்டம் பெற்றபின் இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் கழித்தார். அக்காலத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் ஃபெக்னரின் நூல் அவர் கைக்குக் கிடைத்ததாகச் சொல்வார்கள். புலன் உணர்வுகளைக் கணிதத்தால் அளக்க முற்பட்ட நூல் அது. உணர்வை அளக்கலாம் என்றால் நினைவை ஏன் அளக்கக் கூடாது? உளவியலின் முன்னோடி வுண்ட், உயர்நிலை மனச் செயல்கள் சோதனைக்கு உட்படா என்று கருதிய காலம் அது.

எபிங்ஹாஸுக்கு ஆய்வகம் இல்லை, உதவியாளர் இல்லை. சோதனைக்கு உட்பட்டவரும் அவரே. முன்பே அறிந்த பொருள் குறுக்கிடலாகாது என்பதற்காகப் பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 அமைத்தார். அவற்றைக் கலந்து வரிசைகளாக்கி, நிமிடத்துக்கு 150 அசைகள் என்ற சீரான வேகத்தில், பிழையின்றி ஒப்பிக்கும் வரை படித்தார். 1879-80-இல் ஒரு சுற்று, 1883-84-இல் மறு சுற்று. சலிப்பூட்டும் இவ்வேலையை ஒருவர் தாமாகவே மேற்கொண்டார் என்பதே எனக்கு இன்றும் வியப்பு.

மறந்த வரிசையை மீண்டும் படிக்கும்போது முதல்முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது? அதுவே அவருடைய 'சேமிப்பு'. 20 நிமிடத்துக்குப் பின் 58 விழுக்காடு, ஒரு மணி நேரத்தில் 44, ஒரு நாளில் 34. ஆனால் 31 நாள்கள் கழிந்தும் 21. முதலில் செங்குத்தாகச் சரியும் மறதி பின்னர் தவழ்கிறது. அடியோடு மறந்துவிட்டதாக நாம் எண்ணுவதிலும் கணக்கில் ஓர் இருப்பு எஞ்சியிருக்கிறது.

1885-இல் வெளிவந்த அவரது நூலில் மாணவர்களுக்கு இதனினும் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு. 12 அசை வரிசையை ஒரே நாளில் தொடர்ந்து 68 முறை படித்ததன் பயனை, மூன்று நாள்களில் பகிர்ந்து 38 முறை படித்தே அவர் பெற்றார். உழைப்பு ஏறக்குறையப் பாதி; விளைச்சல் ஒன்றே. நினைவு மூளையில் நிலைபெறக் கால இடைவெளியும் உறக்கமும் துணைநிற்கின்றன என்பது பின்வந்தோர் கண்டறிந்தது. தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் விழித்துப் படித்து, அடுத்த பருவத்தில் அதே கருத்தைப் புதிதாய்ச் சந்தித்த மாணவர்களை ஆண்டுதோறும் கண்டவன் நான். அவர்களிடம் உழைப்புக்குக் குறைவில்லை. உழைப்பை நாள்களில் பகிர வேண்டும் என்று பாடத்திட்டமோ தேர்வு முறையோ அவர்களுக்குக் கற்பிக்கவில்லை.

பொருள் புரிந்து படிப்பதன் வலிமையையும் அவர் அளந்தார். பைரனின் 'டான் ஜுவான்' காவியச் செய்யுள்களை மனப்பாடம் செய்ய, பொருளற்ற அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது.

பெர்லினில் ஆசிரியராய் இருந்தபோது 1890-இல் இயற்பியலாளர் கோனிக்குடன் இணைந்து உளவியல் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். அங்கே உயர் பேராசிரியர் பதவி 1894-இல் கார்ல் ஸ்டும்ப்புக்குச் சென்றது. இவர் பிரெஸ்லாவுக்குப் பெயர்ந்தார். பள்ளிக் குழந்தைகளின் சோர்வை ஆராய்ந்தபோது, விடுபட்ட சொற்பகுதிகளை நிரப்பச் செய்யும் தேர்வு ஒன்றை அங்கு வகுத்தார். நம் வினாத்தாள்களின் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' பகுதியில் அதன் சாயலைக் காணலாம். 1909-இல் ஹாலே நகரில் நுரையீரல் அழற்சியால் மறைந்தபோது அவருக்கு வயது 59.

ஒரே மனிதர், அதுவும் தம்மையே சோதித்துக்கொண்டவர். இம்முடிவுகளை எப்படி நம்புவது என்ற ஐயம் நியாயமானதே. 2015-இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் இருவர் அதே முறையில் ஒருவரை ஏறத்தாழ 70 மணி நேரம் படிக்கவைத்துச் சோதித்தனர். அவர்கள் வரைந்த மறதிக் கோடு எபிங்ஹாஸின் கோட்டைப் பெரிதும் ஒத்திருந்தது.