தமக்கே முதல் ஊசி

நம் கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரில் கோயில்கள் இருப்பதை நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கொள்ளைநோய் இவ்வூரை வாட்டியதன் நினைவு அது. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோட்டங்காட்டில் சாளை போட்டுக் குடியிருப்பார்களாம். அந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட வால்டெமார் ஹாஃப்கின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

இவர் 1860ஆம் ஆண்டு ஒடெஸா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பாரிசில் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் பணிபுரிகையில் காலரா தடுப்பூசியை உருவாக்கி, 1892 ஜூலையில் முதலில் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். கல்கத்தாச் சேரிகளில் மக்கள் ஐயுற்றனர். அந்நியத் துரை கொண்டுவந்த ஊசியை யார்தான் உடனே நம்புவர்? இந்திய மருத்துவர்களைத் துணைக்கழைத்து, மக்கள் கண்ணெதிரே தாமும் ஊசி போட்டுக்கொண்டார். பிறகே தயக்கம் குறைந்தது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சில உதவியாளர்களுடன் இரவு பகலாக உழைத்துப் புதிய தடுப்பூசியை ஆயத்தம் செய்தார். 1897 ஜனவரி 10 அன்று, பிறருக்கு எண்ணியிருந்ததைவிட மிகுந்த அளவைத் தமக்கே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டன, தேறினார். அதன்பின் அக்கல்லூரி ஆசிரியரும் மாணவரும் முன்வந்தனர். மருத்துவரே அஞ்சும் ஊசிக்கு ஊரார் கை நீட்டுவரா என்ன? 2021 ஜனவரி 16 அன்று கொரோனா தடுப்பூசிக்கு நம் நாடு முதலில் அழைத்ததும் மருத்துவப் பணியாளரையே. அவர்களிலும் பலர் தயங்கி நின்றனர். அவர்களைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. புதிய மருந்தைக் கண்டு அஞ்சுவது மனித இயல்பே.

ஹாஃப்கினுக்குச் சோதனை வேறு உருவில் வந்தது. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போடப்பட்டது. அவர்களில் 19 பேர் இசிவு நோய் கண்டு இறந்தனர். அனைவரும் ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்றவர்கள். ஆய்வுக்கூடத்தில் செய்த பிழை என்று பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது, பதவியும் போயிற்று. உண்மையில், அப்புட்டியைத் திறந்த உதவியாளரின் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்திருக்கிறது. அதைத் தீயில் காட்டித் தூய்மை செய்யாமல், மருந்து நீரில் நனைத்து மட்டும் அடைப்பானைத் திறந்திருக்கிறார். ஒரு கண நேரக் கவனக்குறைவு! மலேரியா ஆய்வால் புகழ்பெற்ற ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் வாதாடிய பின், 1907இல்தான் களங்கம் நீங்கியது.

மீண்டும் கல்கத்தா வந்தார். ஆனால் முன்போல் ஊர் ஊராய்ச் சென்று ஊசி போடும் பணி அவருக்குக் கிட்டவில்லை. பின்னர் ஓய்வு பெற்றார். பம்பாயில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடத்திற்கு 1925இல் அவர் பெயரையே சூட்டினர். 1930இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.