கையெழுத்து இல்லாத சீட்டு

குட்டீஸ், இங்கிலாந்தில் டார்ட்மூர் என்று ஒரு மேட்டு நிலம் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் பாறையும் சேறும்தான். 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே கிரான்மியர் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள், தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையை அதில் போட்டுவிட்டுத் திரும்பலாம். அதுவே பின்னால் பெரிய விளையாட்டாக வளர்ந்தது. நடைபாதை ஓரம் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைப்பார்கள். உள்ளே ஒரு நோட்டும் ரப்பர் முத்திரையும் இருக்கும். துப்புச் சீட்டைப் படித்து, நடந்து, தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் அந்த முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொள்ளலாம். நம் முத்திரையைப் பெட்டியில் உள்ள நோட்டில் குத்திவிட்டு, பெட்டியைப் பழைய இடத்திலேயே ஒளித்துவிட வேண்டும். இதற்கு, 'லெட்டர்பாக்ஸிங்' என்று பெயர்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வரலாம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். இந்திர லிங்கத்தில் ஆரம்பித்து ஈசான்ய லிங்கம் வரை, எட்டுத் திசைக்கு எட்டு லிங்கங்கள். ஒன்றைப் பார்த்ததும் அடுத்தது எங்கே என்று கால் தானாக நடக்கும். பெட்டி கிடையாது, முத்திரை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மலையைத் தேடி, 16 வயதுப் பையன் ஒருவன் பழைய வரைபடத்தையும் 3 ரூபாயையும் நம்பிப் புறப்பட்டான். அவன் போன வழியெல்லாம் காகிதச் சீட்டுகள்! அவன்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி.

திருச்சுழி என்ற ஊர், இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே சுந்தரம் ஐயர், அழகம்மாள் தம்பதிக்கு 1879 டிசம்பர் 30-ல் வேங்கடராமன் பிறந்தான். 1892-ல் அப்பா இறந்துவிட்டார். வேங்கடராமனும் அண்ணன் நாகசுவாமியும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டில் தங்கிப் படித்தார்கள்.

வேங்கடராமன் படிப்பில் பெரிய புலி ஒன்றும் இல்லை. கால்பந்து, குஸ்தி, நீச்சல் என்றால் உயிர். தூக்கத்திலோ கும்பகர்ணன்! விழித்திருக்கும்போது அவனிடம் மோத முடியாத பையன்கள், அவன் தூங்கும்போது தூக்கிக்கொண்டு போய் அடித்துவிட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பார்களாம். அவனுக்கு எதுவுமே தெரியாது. 

1895 நவம்பரில் வயதான உறவினர் ஒருவர் வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பையன் கேட்க, அருணாசலத்திலிருந்து என்றார். சின்ன வயதிலிருந்தே மனதில் ஒலித்துக்கொண்டிருந்த பெயர் அது. அப்படி ஓர் ஊர் நிஜமாகவே இருக்கிறதா, ரயிலேறிப் போகலாமா என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். திருவண்ணாமலைதான் அருணாசலம் என்பது அன்றுதான் தெரிந்தது. 

அடுத்த ஆண்டு ஜூலையில் ஒரு நாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் சாகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று அவனைப் பிடித்துக்கொண்டது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் போலக் கைகால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு, இந்த உடம்பு போய்விட்டால் நான் என்பது யார் என்று யோசித்தான். அதற்குப் பிறகு பாடத்திலும் விளையாட்டிலும் அவன் மனம் ஒட்டவே இல்லை.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிவரச் சொல்லியிருந்தார் வாத்தியார். இரண்டு முறை எழுதியவன், மூன்றாவதை விட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தான். பார்த்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கடிந்துகொண்டார். நியாயம்தானே என்று தம்பிக்குத் தோன்றியது. மின்சாரம் பற்றிய சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்தான். அப்படியானால் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துப் போய் என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். 

சித்தி சாப்பாடு போட்டு, பணத்தையும் கொடுத்தார். வேங்கடராமன் பழைய வரைபடப் புத்தகம் ஒன்றை எடுத்துப் பார்த்தான். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று அதில் தெரிந்தது. 3 ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டான். மீதி 2 ரூபாயோடு ஒரு சீட்டு எழுதி, கண்ணில் படும்படி வைத்துவிட்டுக் கிளம்பினான்.

என் தகப்பனாரைத் தேடி, அவர் உத்தரவுப்படி போகிறேன்; நல்ல காரியத்துக்காகத்தான் போவதால் யாரும் வருந்த வேண்டாம்; தேடுவதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம். இதுதான் சீட்டில் இருந்த விஷயம். நான் என்று ஆரம்பித்த சீட்டில், கொஞ்ச தூரத்திலேயே நான் மறைந்து இது என்று ஆகிவிட்டது. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு! அண்ணனின் கட்டணம் இன்னும் கட்டவில்லை என்பதையும் கடைசியில் மறக்காமல் எழுதியிருந்தான்.

(இதைப் படித்துவிட்டு நீங்களும் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், குட்டீஸ்! அந்த வீட்டில் என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. மதுரையிலிருந்து திண்டிவனத்துக்கு டிக்கெட் 2 ரூபாய் 13 அணா. மீதி 3 அணா. கட்டணப் பலகையை இன்னும் கொஞ்சம் கீழே படித்திருந்தால், திருவண்ணாமலை என்ற பெயரே இருந்திருக்கும். கட்டணம் சரியாக 3 ரூபாய்! விழுப்புரத்திலிருந்து புது ரயில் பாதை போட்டுவிட்டார்கள். பழைய வரைபடத்துக்கு அது எப்படித் தெரியும்?

ரயிலில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான் விஷயத்தைச் சொன்னார். விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாற வேண்டும். திருச்சியில் அரை அணாவுக்குப் பேரிக்காய் வாங்கினான் பையன். விடிவதற்கு முன் விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் இரண்டரை அணா. பசி தாங்காமல் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு 2 அணாவை நீட்டினான். உன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்த ஓட்டல்காரர், அதை நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும்தான் டிக்கெட் கிடைத்தது. அதற்கு மேல் நடைதான். 

சுமார் 10 மைல் நடந்து, இருட்டும் நேரத்தில் அரகண்டநல்லூர் பாறைமேல் உள்ள கோயிலை அடைந்தான். அங்கே தங்க அனுமதி இல்லை. கீழூர் கோயிலில், மேளக்காரர் ஒருவர் தன் பங்குச் சோற்றை அவனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. தன் காதில் இருந்த சிவப்புக்கல் கடுக்கன்களைக் கழற்றி அவரிடம் அடகு வைத்தான். 20 ரூபாய் பெறும் கடுக்கன். அவன் கேட்டு வாங்கியது 4 ரூபாய். எப்போது வேண்டுமானாலும் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று, பாகவதர் தன் விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கோகுலாஷ்டமிக்குச் செய்த பலகாரப் பொட்டலமும் கொடுத்து அனுப்பினார்கள். 

வெளியே வந்ததும் பையன் அந்த விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டான். திரும்பி வரும் எண்ணம் இருந்தால்தானே!

1896 செப்டம்பர் 1 காலை, திருவண்ணாமலை. ரயிலை விட்டு இறங்கி நேராகப் பெரிய கோயிலுக்கு ஓடினான். வாசல்கள் எல்லாம் திறந்திருந்தன. உள்ளே ஆளே இல்லை. பிறகு அய்யங்குளத்துக்கு வந்து பலகாரப் பொட்டலத்தைத் தண்ணீரில் எறிந்தான். மீதிப் பணத்தையும் எறிந்தான். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டு, கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

ஊர்ப் பையன்கள் சும்மா இருப்பார்களா? கல்லெறிந்தார்கள். அவர்களுக்குப் பயந்து, இருட்டான பாதாள லிங்கக் குகைக்குள் போனார் இளஞ்சாமி. (இனி 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை.) பூச்சிகள் கடித்துத் தொடையெல்லாம் புண். அதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது ஊரில் இருந்த சேஷாத்திரி சுவாமிகள் அவரைக் காப்பாற்ற முயன்றார். பிறகு சிலர் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள்.

1897-ல் அவர் குருமூர்த்தம் என்ற இடத்தில் இருந்தார். தாலுகா அலுவலகக் கணக்கர் வேங்கடராமய்யர், பெயரும் ஊரும் தெரியாமல் இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். வேறு வழியில்லாமல், பெயரையும் திருச்சுழி என்ற ஊரையும் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார் சாமி. கணக்கருக்கு ஊர்ப் பெயர் புரியவில்லை. ஆங்கிலத்தில் ஏது 'ழ'? சீட்டுக்கு அடியில் வைத்திருந்த புத்தகம் பெரியபுராணம். அதைப் புரட்டி, சுந்தரர் பாடிய ஊர்களில் திருச்சுழி வரும் இடத்தைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. 

இப்போது மதுரைக்கு வருவோம். அன்று மாலை சீட்டைப் பார்த்ததும் வீடு கலங்கிப்போனது. அழகம்மாள் மகனைத் தேடாத இடம் இல்லை. திருவனந்தபுரத்தில் நாடகக் குழு ஒன்றில் இருப்பதாக வதந்தி வர, அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே திரும்பினார். சுமார் 2 ஆண்டுகள் இப்படியே போயின. 1898-ல்தான், திருவண்ணாமலையில் திருச்சுழிச் சாமி ஒருவர் இருக்கிறார் என்ற சேதி கிடைத்தது. 

சித்தப்பா நெல்லையப்பய்யர் உடனே கிளம்பிவந்தார். சாமி அப்போது ஒரு மாந்தோப்பில் இருந்தார். தோட்டக்காரர் உள்ளே விட மறுத்தார். சித்தப்பா ஒரு காகிதத்தில் எழுதி உள்ளே அனுப்பினார். அது பத்திரப்பதிவு அலுவலகக் காகிதம். மறுபக்கத்தில் அலுவலக விஷயம் ஏதோ எழுதியிருந்தது. அண்ணன் நாகசுவாமியின் கையெழுத்து! அண்ணனுக்கு அந்த அலுவலகத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று, ஒரு வார்த்தை விசாரிக்காமலே தம்பி தெரிந்துகொண்டார்.

அந்த டிசம்பரில் அம்மாவே வந்தார். பவழக்குன்றில், மெலிந்து, சடை பிடித்த தலையோடு உட்கார்ந்திருந்த பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டார். தினமும் பலகாரத்தோடு வந்து, வீட்டுக்கு வா என்று அழைத்தார். பதில் இல்லை. கண்ணீர் விட்டு அழுதார். பிள்ளை எழுந்து அப்பால் போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கே மனசு தாங்கவில்லை. ஒருவர் காகிதமும் பென்சிலும் கொடுத்து, அம்மாவுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சினார். அவரவர் விதிப்படி நடப்பது நடக்கும், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகவே பேசாமல் இருப்பதே நல்லது என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். அம்மா அந்தச் சீட்டோடு ஊர் திரும்பினார். பெற்ற தாயிடம் இவ்வளவு கண்டிப்பா என்று எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் வாழ்ந்தார். சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை அதிகாரி, 1902 வாக்கில் வந்து, நான் யார் என்று கேள்விகள் கேட்டார். மணலில் விரலால் எழுதியும், சிலேட்டிலும் காகிதத்திலும் எழுதியும் பதில் சொன்னார் சாமி. அதுவே 'நான் யார்?' என்ற சிறு நூலாகி, 1923-ல் அச்சாகி, பல மொழிகளுக்குப் போயிற்று. 1907-ல் காவ்யகண்ட கணபதி முனிவர்தான் அவருக்கு ரமண மகரிஷி என்று பெயர் சூட்டினார். 

மலையின் மூலை முடுக்கெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒருநாள் மலைச்சரிவில் ஓர் ஆல இலையைப் பார்த்தார். சோறு போட்டுச் சாப்பிடும் அளவுக்குப் பெரிய இலை! இதைக் கொடுத்த மரம் எங்கே என்று தேடிப் போனார். போகும் வழியில் தொடை ஒரு புதரில் உரச, உள்ளே இருந்த குளவிகள் பாய்ந்தன. கூட்டைக் கலைத்தது என் கால்தானே என்று, குளவிகள் கொட்டி முடிக்கும் வரை காலை அசைக்காமல் நின்றார். வீங்கிய காலோடுதான் திரும்பினார். மரத்தைத் தூரத்தில் பார்த்ததோடு சரி. பிற்காலத்தில் சீடர்கள் சிலர் அதைத் தேடப் போய், முடியாமல் திரும்பியிருக்கிறார்கள். 

கிரிவலத்துக்கும் அடிக்கடி போவார். வேகமாக நடந்தால் அவருக்குப் பிடிக்காது. நிறைமாத கர்ப்பிணி ராணி போல நடக்க வேண்டும் என்பார். சமையல் பாத்திரங்களோடு கிளம்பி, வழியில் தங்கித் தங்கி, சில சமயம் இரண்டு மூன்று நாட்கள்கூட ஆகுமாம். 1926-க்குப் பிறகு, கூடவே எல்லோரும் கிளம்பி ஆசிரமமே காலியாகிவிடும் என்பதால் நிறுத்திக்கொண்டார்.

அம்மா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 1916-ல் மகனோடு தங்கவே மலைக்கு வந்துவிட்டார். கந்தாசிரமத்தில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். 1922 மே 19-ல், மகனின் கை தலையிலும் நெஞ்சிலும் இருக்க, கண்ணை மூடினார். மலை அடிவாரத்தில் அம்மாவின் சமாதிக்கு அடிக்கடி இறங்கி வந்த மகன், அந்த ஆண்டு டிசம்பரில் அங்கேயே தங்கிவிட்டார். அப்படி வளர்ந்ததுதான் ரமணாசிரமம். அணில், குரங்கு, மயில், லட்சுமி என்ற பசு, எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது.

உலகெங்குமிருந்து கடிதங்கள் வந்தன. அலுவலகத்தில் எழுதும் பதில்களைத் தபாலில் போடுவதற்கு முன் அவரிடம் காட்டுவார்கள். விலாசச் சீட்டைக் கிழித்துப் போட்ட பையனின் பெயரில் இன்று ஒரு தபால் நிலையமே இருக்கிறது. 

1950 ஏப்ரல் 14, இரவு 8.47 மணி. கையில் வந்த புற்றுநோயால் நீண்ட நாள் வேதனைப்பட்டவர், அமைதியாக மறைந்தார். அதே நேரத்தில் ஒளிக்கோடு ஒன்று வானில் மலையை நோக்கி மெல்ல நகர்ந்ததைப் பலர் பார்த்தார்கள். பிரான்ஸ் நாட்டுப் புகைப்படக்காரர் கார்த்தியே பிரெஸ்ஸோன் அப்போது அங்கே இருந்தார். அவரும் பார்த்து, கடிகாரத்தில் மணியைக் குறித்துக்கொண்டார்.

16 வயதில் எழுதி வைத்த சீட்டு தொலையவில்லை. அதன் நகலை இன்றும் அவரைப் பற்றிய புத்தகங்களில் பார்க்கலாம். அடுத்த முறை கிரிவலம் போனால், அக்னி லிங்கத்துக்கும் எம லிங்கத்துக்கும் நடுவே, செங்கம் சாலையில் ரமணாசிரமம் வரும். அதன் பின்பக்கத்திலிருந்து கந்தாசிரமத்துக்குக் கல் பதித்த நடைபாதை ஏறுகிறது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் விரூபாட்ச குகை. போகும்போது குரங்குகளிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை!