ஜெனரல் கன்னிங்ஹாமும் பழம்பொருட் காவலும்

ஒரு நாட்டின் பழைமைக்குச் சான்றாவன அந்நாட்டிலுள்ள கோயில்கள், கோட்டைகள், கல்வெட்டுகள், நாணயங்கள் முதலியனவாம். இவற்றைக் காத்தல் வேண்டும் என்பதில் ஒருவரும் மாறுபடார். அரசாங்கத்துள் எந்த இலாகா காத்தல் வேண்டும் என்னும் வினா எழுங்கால்தான் கருத்து வேற்றுமை தோன்றுகின்றது. இதற்கு விடை காண விழைவோர் ஜெனரல் அலெக்ஸாந்தர் கன்னிங்ஹாம் துரையின் வரலாற்றை அறிதல் நலம். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1814-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 23-ஆம் தேதி லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஆலன் கன்னிங்ஹாம் என்னும் ஸ்காட்லாந்துக் கவிஞர். 1833-இல் இவர் வங்காளப் படையின் எஞ்சினீயர் பகுதியில் அமர்ந்து இந்தியாவுக்கு வந்தார். அசோகன் சாசனங்களின் பிராமி எழுத்தைப் படித்தறிந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பாரது நட்பு இவருக்கு வாய்த்தது. அந்நட்பே படைத்தொழிலராகிய இவரைப் பழம்பொருளாராய்ச்சியிற் செலுத்தியது.

காசிக்கு அணித்தாகிய சாரநாத்தை இவர் இளமையிலேயே அகழ்ந்தார். கிடைத்த சிற்பங்களிற் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். எஞ்சியவை அங்கேயே கிடந்தன. கேட்பாரின்மையால் அவை பின்னர் வருணை ஆற்றுப் பாலத்திற்கு அரணாக நீரிற் போடப்பட்டன. தோண்டுவார் ஒருவர் இருந்தும் காப்பார் ஒருவர் இலராயின் விளைவது யாதென்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

1861-இல் இவர் படையினின்றும் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே கானிங் பிரபு இவரைத் தொல்பொருளாராய்ச்சி அதிகாரியாக நியமித்தார். வடநாடு முழுதும் திரிந்து இவர் பழம்பதிகளை ஆராய்ந்துவருங்கால், 1866-இல் செலவைக் குறைத்தற்பொருட்டு அப்பதவியே நீக்கப்பட்டது. மேயோ பிரபு காலத்தில், 1871-இல், அவ்விலாகா மீண்டும் உயிர்பெற்றது. இவர் அதன் டைரக்டர் ஜெனரல் ஆயினார். எனினும், ஆராய்ந்து எழுதுதலே இவர் கடமையாயிற்று. கட்டடங்களைப் பழுதுபார்த்தல் மாகாண அரசாங்கங்களின் பொறுப்பாகவே இருந்தது. 1881-இல் மேஜர் கோல் என்பார் பழங்கட்டடங்களின் காவலராகத் தனியே நியமிக்கப்பட்டார். சில ஆண்டுகளில் அப்பதவியும் ஒழிந்தது.

இவ்வாறு பொறுப்புப் பிரிந்து கிடந்தமையால் நேர்ந்த இழப்பு பெரிது. ஹரப்பாவின் பழஞ்செங்கற்கள் லாகூர்–முல்தான் இருப்புப் பாதைக்கு நூறு மைல் அளவிற்குப் பரப்பப்பட்டதை இவரே தம் அறிக்கையில் எழுதினார். எழுதுதல் இவர்க்கு இயன்றது, தடுத்தல் இயலவில்லை. அவ்விடத்தின் தொன்மை 1924-இல்தான் உலகிற்குப் புலனாயிற்று. 1873-இல் இவர் கண்ட பார்ஹுத் ஸ்தூபத்தின் கற்களை அண்மையூரார் தம் மனைகளுக்கு எடுத்துச் சென்றிருந்தனர். எஞ்சிய வேலியையும் வாயிலையும் இவர் கல்கத்தா மியூசியத்திற்குச் சேர்ப்பித்தார். பிறந்த மண்ணை விட்டுப் பெயர்த்தது குறையே. ஆயினும், அங்கே விட்டிருப்பின் அவையும் நமக்குக் கிடைத்திரா.

இவர் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. தேடுதலில் இருந்த வேட்கை காத்தலில் இவர்க்கு அத்துணை இல்லை. தாம் தொகுத்த பொருள்களிற் பலவும் இலங்கைக் கரையருகே கப்பலொடு கடலில் மூழ்கின. 1885-இல் பதவி துறந்த இவர் 1893-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி லண்டனிற் காலஞ்சென்றார்.

இவருக்குப்பின் வந்த ஜேம்ஸ் பர்ஜெஸ் 1889-இல் விலகியதும் அப்பதவி ஆளின்றி நின்றது. 1902-இல் கர்ஸன் பிரபு காலத்தில் ஜான் மார்ஷல் அதனை ஏற்றார். ஆராய்ச்சியும் காவலும் அப்போது ஓரிலாகாவில் ஒன்றாயின. 1904-இல் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கன்னிங்ஹாம் காலத்து இல்லாத அதிகாரம் அப்பொழுதே கைகூடியது.

இந்நாளில், தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்கள் மத்திய அரசைச் சார்ந்தன. ஏனையவை மாநில அரசைச் சார்ந்தன. சென்னை மியூசியம் மாநிலத்தின் கையில் உளது. கல்கத்தா மியூசியம் மத்திய அரசைச் சார்ந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கட்டடத்தை மத்திய தொல்லியல் துறையும், பூசை முதலியவற்றை அரண்மனை தேவஸ்தானமும் கவனித்து வருகின்றன. ஒரு கோயிலுக்கே இரு காவலர் இருத்தல் பிழையன்று. ஆயின், கூரையில் நீரொழுகின் அதனை அடைக்கவேண்டியவர் யார் என்பது ஐயமின்றித் தெளிவாதல் வேண்டும்.

நம் துணிபு இது: அறிவு ஓரிடத்தும், அதிகாரம் ஓரிடத்தும், பொருள் ஓரிடத்துமாகப் பிரிந்திருப்பின் எவ்விலாகாவாலும் பயனில்லை. மூன்றும் ஒருங்கே அமைந்த இலாகா, மத்தியினதாயினும் மாநிலத்தினதாயினும், காவலுக்கு உரியதே. வரவு செலவு சுருங்குங்கால் முதலில் வெட்டப்படாத நிலைபேறும் அதற்கு வேண்டும்.

நம் சங்கத்து அன்பர்களிற் பலர் உழவர். ஏர் முனையிற் செப்பேடோ திருவுருவமோ தட்டுப்படின் அதனை மறைத்து வையாது, 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி கலெக்டருக்கு அறிவிப்பாராக. எந்த இலாகா காக்கவேண்டும் என்று அரசினர் ஆராய்க. அவர் கைக்குச் சேரும்வரை காவலர் நாமே.