எல்லை காந்தி உருவாக்கிய சேவைப் படை



இந்த மலருக்கு ஒரு தலைவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் கான் அப்துல் கபார் கானை எடுத்துக்கொண்டேன். பத்தாவது வரைக்கும் படித்தவர்கள் எல்லோரும் எல்லை காந்தி என்ற பெயரை வரலாற்றுப் பாடத்தில் பார்த்திருப்போம். செஞ்சட்டை இயக்கம் என்று ஒரு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு அதோடு மறந்திருப்போம். ஆனா குழு நடத்துகிற நமக்கு அவரிடம் கத்துக்க நிறைய இருக்கு. படிக்காத ஏழை ஜனங்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவங்களையே ஊரை முன்னேற்றுகிறவர்களாகவும் சண்டையை நிறுத்துகிறவர்களாகவும் மாற்றிக் காட்டியவர் அவர்.

அவர் பிறந்தது 1890ஆம் வருஷம். ஊர் பேர் உத்மான்சாய். இப்போது பாகிஸ்தானில் இருக்கிற பெஷாவர் நகரத்துக்குப் பக்கம். அப்போது அது ஒன்றாக இருந்த இந்தியாவின் வடமேற்கு எல்லை. அங்கே வாழ்கிற முஸ்லிம் மக்களுக்கு பக்தூன்கள் என்று பெயர். நம்ம பக்கம் பட்டாணியர் என்று சொல்வார்கள். நம்மளப் போலவே மலையும் காடும் பார்த்து வளர்ந்த ஜனங்கள். வீரமானவர்கள், விருந்தாளிக்கு உயிரையே கொடுப்பார்கள். ஆனால் அவர்களுக்குள் ஒரு பெரிய குறை இருந்தது. ஒரு குடும்பத்தில் ஒருத்தரைக் கொன்றால், அந்தக் குடும்பம் பழிவாங்கியே ஆக வேண்டும். அப்பா காலத்துப் பகை மகன் காலம், பேரன் காலம் வரைக்கும் போகும். வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும். பள்ளிக்கூடம் மட்டும் அதிகம் இருக்காது.

கபார் கானின் அப்பா பேராம் கான் வசதியான நிலக்காரர். அவர் தன் பகையாளிகளை எல்லாம் மன்னித்துவிட்டவர். அந்த ஊரில் அது அதிசயமான காரியம். மகனுக்குப் பிற்பாடு வந்த பொறுமைக்கு விதை அங்கேதான் விழுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கபார் கான் பெஷாவரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தார். நல்ல உயரம், நல்ல உடம்பு. வெள்ளைக்காரர் ராணுவத்தில் அதிகாரி வேலை தேடி வந்தது. அந்த நேரத்தில் அதே மாதிரி வேலையில் இருந்த தன் நண்பரை ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவமானமாகப் பேசியதைக் கண்ணால் பார்த்தார். அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் லண்டனுக்கு டாக்டர் படிக்கப் போயிருந்தார். இவரும் போக ஆசைப்பட்டார். இன்னொரு பிள்ளையையும் கடல் தாண்டி அனுப்ப அம்மாவுக்கு மனசு வரவில்லை. அம்மா பேச்சை மீறாமல் ஊரிலேயே தங்கிவிட்டார்.

தங்கினவர் சும்மா இருக்கவில்லை. 1910ல், 20 வயதில், உத்மான்சாயில் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அப்புறம் ஊர் ஊராகப் போனார். 1915லிருந்து 3 வருஷத்தில் சுமார் 500 கிராமங்களைச் சுற்றி வந்ததாகச் சொல்வார்கள். பழிக்குப் பழி வேண்டாம், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதுதான் அவர் சொன்ன செய்தி. மக்கள் அன்போடு அவருக்கு பாத்ஷா கான் என்று பெயர் வைத்தார்கள். பாத்ஷா என்றால் ராஜா.

1921ல் இன்னும் பெரிதாக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. மகனை அடக்கி வையுங்கள் என்று அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்பாவும் மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். எல்லோரும் தொழுகையை விட்டுவிட்டால் நானும் விட்டுவிடலாமா என்று மகன் அப்பாவைத் திருப்பிக் கேட்டார். கூடாது என்றார் அப்பா. ஜனங்களுக்குக் கல்வி கொடுப்பதும் அதே மாதிரி கடமைதான் என்று மகன் விளக்கினார். அப்பா அதற்கப்புறம் தடுக்கவே இல்லை. ஆனால் போலீஸ் விடவில்லை. 3 வருஷம் கடுங்காவல். காலில் விலங்கோடு ஜெயிலில் மாவு அரைத்தார். பள்ளிக்கூடம் ஆரம்பித்த குற்றத்துக்கு ஜெயில் என்றால் இன்றைக்கு நம்ப முடியுமா?

ஜெயிலிலிருந்து வந்த பிறகு 1928ல் பக்தூன் என்ற பெயரில் தாய்மொழியில் ஒரு பத்திரிகை நடத்தினார். அதில் பெண்களும் எழுதினார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதிகமாக இருந்த இடம் அது. பெண்ணை அடக்கி வைப்பது மார்க்கத்தில் இல்லை, நாம்தான் பழக்கமாக்கிக்கொண்டோம் என்று அவர் ஆண்களிடமே பேசினார். சொன்னபடி தன் மகளையும் படிக்க வைத்தார். அவருடைய சகோதரியும் இயக்கத்தில் இறங்கி வேலை செய்தார்.

1929ல்தான் அவருடைய பெரிய வேலை ஆரம்பமானது. குதாய் கித்மத்கார் என்று ஒரு படை. இதற்கு இறைவனின் தொண்டர்கள் என்று அர்த்தம். இறைவனுக்கு நம்ம சேவை எதுவும் தேவையில்லை, அவன் படைத்த மனுஷங்களுக்குச் செய்வதுதான் அவனுக்குச் செய்கிற சேவை என்பது அவர் கருத்து.

படை என்றாலும் கையில் ஆயுதம் கிடையாது. சேருகிறவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். நம்ம குழுக் கூட்டத்தில் எடுப்பது மாதிரிதான், ஆனா அவங்களுடையது ரொம்பக் கஷ்டமானது. அடிக்கிறவனைத் திருப்பி அடிக்கக் கூடாது. பழி வாங்கக் கூடாது. கெடுதல் செய்தவனை மன்னிக்க வேண்டும். எளிமையாக வாழ வேண்டும். தினமும் குறைந்தது 2 மணி நேரம் ஊருக்கு உழைக்க வேண்டும். செய்த சேவைக்குக் கூலி எதிர்பார்க்கக் கூடாது. பக்தூன் மக்களிடையே வாக்குக் கொடுத்தால் உயிர் போனாலும் மாறக் கூடாது. அதனால் அந்த உறுதிமொழி வாயோடு நிற்கவில்லை.

வெள்ளைத் துணி சீக்கிரம் அழுக்காகிறது என்று, அங்கே சுலபமாகக் கிடைத்த செங்கல் நிறச் சாயத்தில் முக்கிக் கட்டிக்கொண்டார்கள். செஞ்சட்டைப் பெயர் வந்தது அப்படித்தான்.

பயிற்சி முகாம்கள் நடந்தன. பட்டாளம் மாதிரி அணிவகுத்து நடப்பார்கள். அதே ஆட்கள் துடைப்பம் எடுத்துத் தெருவைக் கூட்டுவார்கள், ராட்டையில் நூல் நூற்பார்கள், மாவு அரைப்பார்கள். பெரிய நிலக்காரரும் கூலிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பாத்ஷா கானும் கூட வேலை செய்வார். கிராமத்துக்கு ஒரு குழு, அதற்கு மேல் வட்டாரம், மாவட்டம், மாகாணம் என்று படிப்படியாக அமைப்பு இருந்தது. நம்ம குழு, ஊராட்சிக் கூட்டமைப்பு, வட்டாரக் கூட்டமைப்பு என்று இருப்பதைப் பார்க்கிறபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வருகிறது. முஸ்லிம்கள்தான் அதிகம் என்றாலும் இந்துக்களும் சீக்கியர்களும் சேரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார்.

அந்தப் பயிற்சிக்குச் சீக்கிரமே பரீட்சை வந்தது. 1930 ஏப்ரல் 23. உப்புச் சத்தியாகிரக நேரம். பாத்ஷா கானைக் கைது செய்தார்கள். பெஷாவரில் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஜனங்கள் கூடினார்கள். ராணுவம் துப்பாக்கியால் சுட்டது. முன்னால் நின்றவர்கள் விழ விழப் பின்னால் இருந்தவர்கள் முன்னே வந்து நின்றார்கள். நிறையப் பேர் செத்தார்கள். கார்வால் படையைச் சேர்ந்த இந்து சிப்பாய்கள், சந்திர சிங் என்பவர் தலைமையில், ஆயுதமில்லாத ஜனங்களைச் சுட மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அதற்காக ஜெயிலுக்கும் போனார்கள். ஒரு பக்கம் அடிக்காத முஸ்லிம்கள், இன்னொரு பக்கம் சுடாத இந்துக்கள். இதை நாம பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பயந்து படை கலைந்துவிடும் என்று அரசாங்கம் நினைத்தது. நடந்தது வேறு. கொஞ்சம் பேராக இருந்த தொண்டர்கள் ஒரு லட்சத்தை நெருங்கினார்கள்.

1947ல் நாடு இரண்டாகப் பிரிவதை அவர் விரும்பவில்லை. மதக் கலவரம் நடந்த பீகாரில் காந்தியோடு ஊர் ஊராகப் போய் முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் ஆறுதல் சொன்னார். அவருடைய ஊர்ப் பக்கம் கலவரம் வந்தபோது, செஞ்சட்டைக்காரர்கள் இந்து, சீக்கியக் குடும்பங்களுக்குக் காவல் நின்றார்கள். பிரிவினைக்குப் பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. பாகிஸ்தான் அரசு 1948ல் இயக்கத்தைத் தடை செய்தது. அந்த வருஷம் ஆகஸ்ட் 12ல் பாப்ரா என்ற இடத்தில் கூடிய தொண்டர்கள் சுடப்பட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்திலும் ஜெயில், சொந்த நாட்டு அரசு காலத்திலும் ஜெயில். மொத்தத்தில் வாழ்க்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜெயிலிலும் காவலிலும் போனது.

1969ல் காந்தி நூற்றாண்டுக்கு இந்தியா வந்தார். கையில் ஒரு சின்னத் துணி மூட்டை மட்டும்தான். அதையும் யாரிடமும் தூக்கக் கொடுக்கவில்லை. அப்போது குஜராத்தில் கலவரம் நடந்திருந்தது. வந்த இடத்தில் விருந்து சாப்பிடாமல், அமைதிக்காக 3 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1987ல் நம்ம அரசு பாரத ரத்னா கொடுத்தது. 1988 ஜனவரி 20ல் பெஷாவரில் காலமானார். அவர் விரும்பியபடி ஆப்கானிஸ்தானில் ஜலாலாபாத்தில் அடக்கம் செய்தார்கள். அப்போது அங்கே போர். அவருக்காகச் சண்டையை நிறுத்தி வைத்தார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் எல்லை தாண்டிப் போனார்கள். அந்த நாளிலும் குண்டு வெடித்து சில பேர் இறந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அவர் ஜெயித்தாரா, தோற்றாரா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். அவர் ஆசைப்பட்ட அமைதி அந்த மண்ணுக்கு இன்னும் முழுசாக வரவில்லை. ஆனா முன்கோபக்காரங்க, மாற மாட்டாங்க என்று உலகமே சொன்ன ஜனங்களை, பயிற்சி கொடுத்தால் மாற்றலாம் என்று காட்டினார். யாரும் பிறக்கும்போதே தலைவராகப் பிறப்பதில்லை. டிவியில் முஸ்லிம்களைப் பற்றிச் சண்டைச் செய்தியே பார்த்துப் பழகியவர்களுக்கு, இஸ்லாத்திலிருந்தே பொறுமையை எடுத்துக் காட்டிய இந்த மனிதரைத் தெரிய வேண்டும்.

நம்ம குழுக்களிலும் சண்டை வராமல் இல்லை. கடன் தவணைக்கு, யார் பிரதிநிதி என்பதற்கு, ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியதற்குக் கூட மாசக்கணக்கில் பேசாமல் இருக்கிறோம். ஒருத்தர் நின்றால் அவர் பக்கத்து வீட்டுக்காரரும் நின்றுவிடுகிறார். பத்து வருஷம் பாடுபட்டுச் சேர்த்த குழு பத்து நாளில் உடைந்துவிடும். பயிற்சி என்றால் கணக்குப் பதிவேடு எழுதுவது, தீர்மானம் எழுதுவது என்று மட்டும் நினைக்கிறோம். மன்னிக்கவும் பயிற்சி வேண்டும். ஊர் வேலைக்கு நேரம் ஒதுக்கவும் பயிற்சி வேண்டும். தினம் 2 மணி நேரம் நமக்கு முடியாது. காபித் தோட்டத்து வேலை, வீட்டு வேலை, பிள்ளைகள் எல்லாம் இருக்கு. வாரத்துக்கு ஒரு மணி நேரம் முடியுமே. தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யலாம். கையெழுத்துப் போடத் தெரியாத அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். பேசாமல் இருக்கிற இரண்டு பேரை ஒரு பாயில் உட்கார வைக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும்போது, மனசில் பகை இருந்தால் நாமே முதலில் போய்ப் பேசிவிடுவோம் சகோதரிகளே.



குழு உறுப்பினர், கரடியூர்