ஆண்டாள்: வரலாற்றின் முடிவும் வேட்கையின் முடிவின்மையும்

திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த கோதை, திருமாலுக்குரிய மாலையைத் தாம் சூடிப் பார்த்தார். திருவரங்கம் சென்று அரங்கனோடு கலந்தார். குருபரம்பரை நூல்கள் கூறும் இவ்வரலாற்றில் வேட்கை நிறைவெய்துகிறது. அவர் பாடிய 143 பாசுரங்கள் கொண்ட நாச்சியார் திருமொழியோ அவ்வாறு முடியவில்லை. அங்குத் திருமணம் ஆறாம் திருமொழியிலேயே, அதுவும் கனவில், நிகழ்ந்துவிடுகிறது. எஞ்சிய எட்டும் விழித்தபின் எழுந்த குரல் எனலாம். சங்கிடம் அவன் வாய்ச்சுவையை வினவுகிறார். மேகத்தைத் தூது விடுகிறார். பதின்மூன்றாம் திருமொழியில், பயனற்ற கொங்கையை வேரோடு பறித்து அவன் மார்பில் எறியத் துணிகிறார். கண்ணகியை நினைவூட்டினும் இதனைச் சினமென்று மட்டும் கொள்வது பொருந்தாது. தீண்டப்பெறாத உடலின் முறையீடு இது. இறுதித் திருமொழியும் விருந்தாவனத்தில் அவனைக் கண்டதைச் சொல்கிறதேயன்றிக் கூடியதைச் சொல்லவில்லை. வைணவர் இல்லத் திருமணங்களில் இன்றும் ஓதப்படுபவை அக்கனவுப் பாசுரங்களே.