உண்மை எழுதிய மருத்துவர்

போரின் உண்மையை எழுதப் புகும் பெண்ணுக்குப் பகை ஒரு திசையில் மட்டும் இல்லை. இதற்குச் சான்று தேடுங்கால் என் நெஞ்சம் ராஜினி திராணகமவை நாடுகின்றது. 1954-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், மருத்துவம் கற்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக விளங்கினார். பத்திரிகையாளர் அல்லர், எனினும் 1987-இல் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் மூண்ட போரில் பெண்கள் பட்ட துயரை அவர்களிடமே கேட்டு எழுதினார். தோழர் மூவருடன் ஆங்கிலத்தில் ஆக்கிய ‘முறிந்த பனை’ எத்தரப்பின் கொடுமையையும் மறைக்கவில்லை. 1989 செப்டெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்புகையில் சுடப்பட்டு வீழ்ந்தார், வயது 35. நூல் மறு ஆண்டு வெளிவந்தது.

களுவாஞ்சிக்குடியில் மாணவர்க்கு வாய்மையின் பொருள் விரிக்கும்போதெல்லாம் அவ்வாழ்வை நினைந்து என் குரல் தயங்குகின்றது. ஆயினும் கூறாது விடேன்.